கட்டளையும் மனச்சாட்சியும்: குடிமக்கள்மேல் குண்டுவீச மறுத்த விமானிகள்

2011ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21ஆம் நாள் லிபிய வான்படையைச் சேர்ந்த இரண்டு மிராஜ் போர்விமானங்கள் மத்தியதரைக் கடலைக் கடந்து மால்ட்டாத் தீவில் இறங்கின. அவற்றை ஓட்டி வந்த இருவரும் கர்னல் பதவியினர். அரசை எதிர்த்துப் பெங்காசி நகரில் திரண்டிருந்த மக்கள்மேல் குண்டுவீசும்படி தங்களுக்கு ஆணையிடப்பட்டதாகவும், அதற்கு உடன்பட மனமின்றித் திசைமாற்றிப் பறந்து வந்ததாகவும் அவர்கள் மால்ட்டா அதிகாரிகளிடம் தெரிவித்தனர். லிபிய அரசு விமானங்களைத் திருப்பித் தரும்படி கேட்டது. மால்ட்டா மறுத்துவிட்டது. கடாபியின் ஆட்சி வீழ்ந்தபின், 2012 பிப்ரவரியில்தான் அவை லிபியாவுக்குத் திரும்பின.

மால்ட்டா என்பது திருமறை வாசகர்களுக்குப் புதிய இடமன்று. பவுலடியார் கப்பற்சேதத்தில் கரையேறிய மெலித்தாத் தீவு அதுவே. அங்குக் கரையேறுமுன் நடந்த ஒரு நிகழ்ச்சியை நாம் பெரும்பாலும் கருத்தூன்றி வாசிப்பதில்லை. கைதிகள் நீந்தித் தப்பிவிடாதபடி அவர்களைக் கொன்றுவிடப் போர்ச்சேவகர் யோசனை பண்ணினர்; நூற்றுக்கு அதிபதியாகிய யூலியு அதைத் தடுத்தான் (அப்போஸ்தலர் 27:42-43). அச்சேவகர் இயல்பிலேயே கொடியவர் என்று எண்ண வேண்டுவதில்லை. கைதி தப்பினால் காவலன் தன் உயிரால் ஈடு செய்ய வேண்டும் என்பது அக்காலத்து முறை (அப்போஸ்தலர் 12:19). தம் உயிருக்கு அஞ்சியே அவர்கள் பிறர் உயிரைப் போக்க நினைத்தனர். அதே அச்சத்துக்குட்பட்ட ஒரு படைத்தலைவன் அதைத் தடுத்தான்.

படைக்கட்டளைக்குட்பட்ட மனிதன், அக்கட்டளையோ அதன் அச்சமோ குற்றமற்றவரைக் கொல்லும்படி தன்னை நெருக்கும்போது என்ன செய்யக் கடவன்? இதுவே இக்கட்டுரையின் பொருள். இது தொலைதூர நாட்டுக் கேள்வியாகத் தோன்றலாம். ஆயின் நம் சபைகளிலிருந்து படைக்கும் காவல்துறைக்கும் இளைஞர் பலர் செல்கின்றனர். தாயில்பட்டி, வெம்பக்கோட்டை வட்டாரங்களிலோ, கட்டளைக்குக் கீழ்ப்படிந்து நாள்தோறும் வெடிமருந்தைக் கையாளும் விசுவாசிகள் இருக்கின்றனர். அவர்களையும் மனத்திற்கொண்டே இதனை ஆராய்வோம்.

மறுப்பின் நான்கு வழிகள்

காலாட்படை வீரன் சுட மறுத்தால் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிடலாம். விமானியின் நிலை வேறு. அவன் வானத்தில் இருக்கிறான். குறித்த நேரத்தில் குறித்த இலக்குக்குச் சென்று, குண்டுகளை வீசிவிட்டுத் திரும்ப வேண்டியவன். குண்டுகளோடு திரும்பினால் மறுப்பு வெளிப்பட்டுவிடும். ஆதலால் மனச்சாட்சி தடுத்த விமானிகள் நான்கு வழிகளில் ஒன்றைக் கைக்கொண்டதை வரலாற்றில் காண்கிறோம்.

முதல் வழி, விமானத்தில் ஏறுமுன்னரே மறுத்தல். 1972 டிசம்பரில் அமெரிக்க வான்படைக் கேப்டன் மைக்கேல் ஹெக், வட வியட்நாம்மேல் பி-52 விமானத்தில் செல்ல மறுத்தார். அவர் அதற்குமுன் நூற்றுக்கு மேற்பட்ட முறை அப்போரில் பறந்தவர். 2003 செப்டம்பரில் இஸ்ரேலிய வான்படையின் விமானிகள் 27 பேர், குடிமக்கள் வாழும் இடங்களைத் தாக்கமாட்டோம் என்று கையொப்பமிட்ட மடல் ஒன்றை வெளியிட்டனர். 2002 ஜூலையில் காசாவில் ஒருவரைக் கொல்ல வீசப்பட்ட ஒரு டன் எடையுள்ள குண்டினால் குழந்தைகள் உட்படப் பலர் மடிந்தது அம்மடலுக்கு முக்கியக் காரணமாயிற்று.

இரண்டாம் வழி, குண்டை வேறிடத்தில் வீசிவிடுதல். 1982 ஜூனில் லெபனான் போரின்போது இஸ்ரேலிய விமானி ஹகாய் தமீர், சீதோன் அருகே ஒரு கட்டடத்தைத் தாக்கும்படி அனுப்பப்பட்டார். அவர் கட்டடக்கலை பயின்றவர். மேலிருந்து நோக்கியபோதே அது பள்ளியோ மருத்துவமனையோ ஆதல் வேண்டும் என்று உணர்ந்து, குண்டுகளைக் கடலில் வீசிவிட்டுத் திரும்பினார். அது ஒரு பள்ளிக்கூடமே. ஆனால் சில மணி நேரத்துக்குள் வேறொரு விமானி வந்து அதைத் தகர்த்தார்.

மூன்றாம் வழி, விமானத்தையே கைவிடுதல். மால்ட்டா நிகழ்ச்சிக்கு இரண்டு நாள்களுக்குப்பின், பெங்காசியைத் தாக்க அனுப்பப்பட்ட சுகோய் விமானம் ஒன்றின் விமானிகள் அதைப் பாலைநிலத்தில் விழவிட்டுப் பாராசூட்டில் குதித்ததாக லிபியச் செய்தித்தாள் ஒன்று தெரிவித்தது.

நான்காம் வழியே விமானத்தோடு வேற்றுநாடு செல்லுதல். மால்ட்டாவுக்குச் சென்றோர் இவ்வழியினர். 2012 ஜூன் 21ஆம் நாள் சிரியா நாட்டுக் கர்னல் ஹசன் ஹம்மாதே தமது மிக்-21 விமானத்தை யோர்தான் நாட்டில் இறக்கிப் புகலிடம் வேண்டினார். சிரிய அரசு தன் நகர்களையே தாக்கிக்கொண்டிருந்த காலம் அது. யோர்தான் அவருக்குப் புகலிடம் அளித்தது. சிரியா அவரைத் துரோகி என்றது.

இந்நான்கையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஹகாய் தமீரின் கை தூய்மையாக இருந்தது. ஆயினும் பள்ளி காப்பாற்றப்படவில்லை. ஒரு விமானி மறுத்தால் மற்றொருவன் அமர்த்தப்படுவான். விமானத்தோடு வெளியேறுகிறவனோ தன் கையை மட்டுமன்றி, ஆயுதத்தையும் அப்பாவத்திலிருந்து விலக்குகிறான். அதற்கு ஈடாக அவன் கொடுப்பதும் மிகுதி. நாட்டை இழக்கிறான், பின்னே நிற்கும் பெற்றோரையும் மனைவி மக்களையும் ஆட்சியாளர் கையில் விட்டுச் செல்கிறான், படைச்சட்டம் எதுவாயினும் அவனை ஓடிப்போனவன் என்றே எழுதும்.

தப்பியவர் அனைவரும் மறுத்தவரல்லர்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. விமானத்தோடு எல்லை கடத்தல்தானே ஓர் அறச்செயல் ஆகாது. 1976 செப்டம்பரில் சோவியத் விமானி விக்டர் பெலெங்கோ மிக்-25 விமானத்தோடு ஜப்பானில் இறங்கியபோது, யாரையும் தாக்கும் கட்டளையிலிருந்து அவர் தப்பி வரவில்லை. தம் நாட்டு வாழ்க்கையையே விட்டு வந்தார். 1966 ஆகஸ்டில் ஈராக்கிய விமானி முனீர் ரெட்ஃபா மிக்-21 விமானத்தை இஸ்ரேலுக்குக் கொண்டுசென்றார். அவர் அசீரியக் கிறிஸ்தவர். குர்து மக்கள்மேல் நடந்த குண்டுவீச்சு அவர் மனத்தை உறுத்தியதென்று சொல்லப்படுகிறது. அதனோடு, இஸ்ரேலிய உளவுத்துறை அவருக்குப் பெரும்பணமும் குடியுரிமையும் வாக்களித்திருந்தது என்பதும் உண்மை. மனித உள்ளத்தில் மனச்சாட்சியும் ஆதாயமும் அருகருகே குடியிருத்தல் கூடும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

இவற்றினும் நம்மைத் துணுக்குறச் செய்வது அர்ஜென்டினா நாட்டு நிகழ்ச்சி. 1955 ஜூன் 16ஆம் நாள் அந்நாட்டுக் கடற்படை, வான்படை விமானிகள் சிலர் அதிபர் பெரோனைக் கவிழ்க்கும் நோக்குடன் தலைநகராகிய புவெனஸ் ஐரிஸில் மே சதுக்கத்தின்மேல் குண்டுவீசினர். வேலைநாளின் நண்பகலில் 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அவ்விமானிகள் தம் விமானங்களோடு உருகுவே நாட்டுக்குத் தப்பியோடிப் புகலிடம் பெற்றனர். பெரோனுக்கும் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் அப்போது கடும் பகை நிலவியது. எனவே அவ்விமானங்களில் சிலுவைக் குறியோடு ‘கிறிஸ்து வெல்கிறார்’ என்ற சொற்கள் தீட்டப்பட்டிருந்தன.

இவர்களும் விமானத்தோடு ஓடியவர்களே. ஆனால் கொல்ல மறுத்து ஓடவில்லை, கொன்றுவிட்டு ஓடினர். கிறிஸ்துவின் பெயரைத் தாங்கிச் சென்ற விமானம் தெருவில் நடந்தோரைக் கொன்றது; மால்ட்டாவில் இறங்கிய விமானங்களில் அப்பெயர் இல்லை. கர்த்தாவே கர்த்தாவே என்று அழைப்பதற்கும் பிதாவின் சித்தத்தைச் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை (மத்தேயு 7:21) இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலுமோ?

ஆகவே நாம் மதிக்க வேண்டியது ஓட்டத்தையன்று, மறுப்பை. அம்மறுப்புக்கு நம் நாட்டிலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. அது விமானிகளைப் பற்றியதன்று, காலாட்படை வீரரைப் பற்றியது. எனினும் கேள்வி ஒன்றே.

பெஷாவர், 1930

உப்புச் சத்தியாக்கிரகம் நாடெங்கும் பரவியிருந்த 1930 ஏப்ரல் 23ஆம் நாள், எல்லைப்புற மாகாணத் தலைவர் கான் அப்துல் கபார்கான் கைது செய்யப்பட்டார். பெஷாவர் நகரின் கிஸ்ஸாக்கானி கடைவீதியில் மக்கள் திரண்டனர். கவச வண்டிகளும் படையும் வந்தன. துப்பாக்கிச் சூட்டில் மடிந்தோர் தொகையை அரசு குறைத்தே சொன்னது. மக்கள் சொன்ன தொகை அதைவிடப் பன்மடங்கு.

அக்கொந்தளிப்பின்போது, அரச கட்வால் துப்பாக்கிப் படையின் இரண்டாம் பட்டாளத்தைச் சேர்ந்த இரு பிரிவினர் மக்கள்மேல் சுட மறுத்தனர். அவர்களுக்கு முன்னின்றவர் ஹவில்தார் சந்திரசிங். முதல் உலகப்போரில் பிரான்சு நாட்டிலும் மெசப்பொத்தாமியாவிலும் போரிட்டவர். போருக்கு அஞ்சுகிறவர் அல்லர். படையினர் இந்துக்கள், எதிரே நின்றோர் முஸ்லிம்கள். இந்து வீரர் முஸ்லிம்கள்மேல் சுடத் தயங்கார் என்ற கணக்கு அன்று பொய்த்தது. தம் முன்னே ஆயுதமின்றி நின்றவரைப் பகைவராகக் கொள்ள அவ்வீரர் மறுத்தனர்.

அவர்கள் தப்பியோடவில்லை. படைநீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர். சந்திரசிங்குக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஏனையோர் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையுற்றனர். அவர் 1941இல் விடுதலை பெற்று, 1979 அக்டோபர் 1ஆம் நாள் காலமானார். இந்திய அரசு 1994இல் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

இவ்வரலாற்றில் சிந்திக்கத்தக்க பகுதி ஒன்று பின்னர் எழுந்தது. 1931 மார்ச்சில் காந்தியடிகளும் இர்வின் பிரபுவும் செய்த உடன்படிக்கையின்படி அரசியல் கைதிகள் விடுதலை பெற்றனர். ஆனால் கட்டளைக்குக் கீழ்ப்படியாத குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட படைவீரரும் காவலரும் அதில் சேர்க்கப்படவில்லை. வட்டமேசை மாநாட்டுக் காலத்தில் பிரெஞ்சு இதழாளர் ஒருவர் காந்தியடிகளிடம் இதுபற்றிக் கேட்டார். சுடும்படி இட்ட கட்டளையை மீறும் வீரன், தான் செய்த ஆணையை மீறுகிறான் என்றும், கீழ்ப்படியாதிருக்கும்படி வீரரைத் தாம் தூண்ட இயலாது என்றும், நாளை தம்மவர் ஆட்சிக்கு வரும்போது இதே வீரரையும் அலுவலரையும் கொண்டே ஆளவேண்டியிருக்கும் என்றும் அவர் பொருள்பட விடையளித்தார்.

அகிம்சையின் ஆசானிடமிருந்து வந்த இவ்விடை பலருக்கு அதிர்ச்சியளித்தது. எனினும் இதை எளிதில் ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. ஆணையின் புனிதத்தைக் காந்தியடிகள் உயர்வாகக் கருதினார். ஆயுதம் ஏந்திய ஒவ்வொருவனும் எந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிவது என்று தானே தீர்மானிக்கத் தொடங்கினால், நாடு ஆயுதம் ஏந்தியவன் கையில் சிக்கும் என்ற அச்சமும் அடிப்படையற்றதன்று. மே சதுக்கத்தின்மேல் குண்டுவீசிய விமானிகள் அதைத்தானே செய்தனர்! ஆகவே கேள்வியை இவ்வாறு கூர்மைப்படுத்துதல் நலம்: வீரன் செய்த ஆணை எதுவரை அவனைக் கட்டும்?

ஆணையின் எல்லை

திருமறை ஆணையை இலேசாக எண்ணவில்லை. தனக்கு நஷ்டம் வந்தாலும் ஆணை தவறாதவனைச் சங்கீதக்காரன் போற்றுகிறான் (சங்கீதம் 15:4). இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது, நஷ்டம் யாருக்கு என்பதே. ஆணையிட்டவனுக்கு நஷ்டம் வருமாயின் அவன் அதைத் தாங்க வேண்டும். ஆணையின் நஷ்டத்தை வேறொருவன் தன் உயிரால் செலுத்த வேண்டுமாயின் நிலை முற்றிலும் வேறு. ஏரோது தான் இட்ட ஆணையினிமித்தமும் பந்தியிருந்தவர்களினிமித்தமும் யோவான் ஸ்நானனின் தலையை வெட்டுவித்தான் (மாற்கு 6:26-27). ஏரோது ஆணை தவறவில்லை. அதனால் அவன் நீதிமான் ஆனானோ? யெப்தாவும் பொருத்தனை தவறவில்லை. அதன் விலையை அவன் மகள் செலுத்தினாள் (நியாயாதிபதிகள் 11). ஆணையைக் காப்பாற்றுவதே கொலையாகும் இடம் உண்டு என்பதை இவ்விரு வரலாறுகளும் நமக்குக் காட்டுகின்றன.

நம் பொருளுக்கு மிக நெருங்கிய திருமறைச் சான்று 1 சாமுவேல் 22ஆம் அதிகாரத்தில் உள்ளது. தாவீதுக்கு அப்பமும் பட்டயமும் கொடுத்ததற்காக நோப் ஊரின் ஆசாரியர்களைக் கொல்லும்படி சவுல் அரசன் தன்னருகே நின்ற சேவகர்க்குக் கட்டளையிட்டான். அவர்கள் தங்கள் கைகளை நீட்ட மனமற்றிருந்தனர். அவர்கள் அரசனுக்கு எதிராகக் கலகம் செய்யவில்லை. அவனைக் கொல்லவும் முற்படவில்லை. கை நீட்டவில்லை, அவ்வளவே. பின்னர் அரசன் ஏதோமியனாகிய தோவேக்கை ஏவினான். அவன் 85 ஆசாரியர்களைக் கொன்று, ஊரிலிருந்த பெண்களையும் குழந்தைகளையும் வெட்டினான். ஹகாய் தமீர் மறுத்த பள்ளியை வேறொருவர் தகர்த்த கதை எத்துணைப் பழமையானது என்பதை இங்கே காண்கிறோம். தோவேக்கு எக்காலத்தும் கிடைப்பான். ஆயினும் திருமறை அச்சேவகரின் மறுப்பை வீணென்று கருதாமல் எழுதி வைத்திருக்கிறது. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. பார்வோனின் கட்டளையை மீறிய மருத்துவச்சிகளாகிய சிப்பிராள், பூவாள் ஆகியோரின் பெயர்களோ எழுதப்பட்டுள்ளன (யாத்திராகமம் 1:15-17). அந்தப் பார்வோன் யாரென்பது இன்றும் ஆய்வாளர்களின் வாதத்துக்குரியதாகவே உள்ளது!

சீர்திருத்தத் திருச்சபைகளும் இவ்வெல்லையைத் தெளிவாக வரைந்தன. 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, தன் 16ஆம் பிரிவில் கிறிஸ்தவர் நீதியான போரில் சேவகம் செய்யலாம் என்று ஒப்புக்கொள்கிறது. அதே பிரிவிலேயே, ஆளுவோர் பாவம் செய்யும்படி கட்டளையிட்டால் மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றும் கூறுகிறது. லூத்தர் 1526இல் போர்வீரரின் மீட்பைக் குறித்து எழுதிய நூலில் இக்கேள்வியை நேராகவே எதிர்கொண்டார். தலைவன் தவறான போரில் இறங்குகிறான் என்பது வீரனுக்கு ஐயமற விளங்குமாயின், அவன் கடவுளுக்கு அஞ்சிச் சேவகத்தை விட்டுவிட வேண்டும். விளங்காவிடில் ஐயத்தை முன்னிட்டுக் கீழ்ப்படிதலைக் கைவிடலாகாது என்பது அவர் கருத்து. விவசாயிகள் கிளர்ச்சியில் அவர் எழுதியவற்றை அறிந்தவர்கள் அவரைக் கலகக்காரர் பக்கம் சாய்ந்தவரென்று சொல்ல இயலாது. கீழ்ப்படிதலை அத்துணை வலியுறுத்தியவரே இவ்வெல்லையை வைத்தார் என்பதில்தான் அதன் வலிமை இருக்கிறது.

இன்றைய சட்டமும் இதற்கு மாறுபடவில்லை. நம் நாட்டின் 1950ஆம் ஆண்டுப் படைச்சட்டமும் வான்படைச் சட்டமும் ‘சட்டப்படியான கட்டளை’யை மீறுவதையே கீழ்ப்படியாமைக் குற்றமாகக் கூறுகின்றன. அதே 1950இல் ஐக்கிய நாடுகளின் சட்ட ஆணைக்குழு வகுத்த நூரெம்பர்க் கோட்பாடுகள், மேலதிகாரியின் கட்டளை என்பது போர்க்குற்றத்துக்குச் சாக்காகாது என்கின்றன. ஆனால் அறவழியில் தெரிவு செய்ய அவனுக்கு உண்மையிலேயே வாய்ப்பிருந்ததா என்பதையும் நோக்கச் சொல்கின்றன.

ஆகவே காந்தியடிகளுக்கு நாம் பணிவோடு கூறக்கூடிய விடை இது. வீரனின் ஆணை நாட்டைக் காக்கும் ஆணை. அந்நாட்டு மக்களையே கொல்லும்படி அது அவனைக் கட்டாது. எந்தக் கட்டளையை மீறலாம் என்று வீரன் தன் விருப்பம்போலத் தீர்மானித்தல் ஆபத்து. ஆனால் ஆயுதமற்றவனைக் கொல்லாதிருத்தல் விருப்பத்தைச் சார்ந்ததன்று. மேலும், சவுலின் கட்டளையை மறுத்த சேவகரும் பெஷாவரில் மறுத்த கட்வாலியரும் ஆயுதத்தைத் தம் தலைவர்மேல் திருப்பவில்லை. மறுப்பின் விலையைத் தாமே சுமக்க ஆயத்தமாயிருந்தனர். கலகக்காரன் பிறரைச் செலுத்த வைக்கிறான். மறுப்பவன் தானே செலுத்துகிறான். மே சதுக்கத்து விமானிகளையும் மால்ட்டா விமானிகளையும் வேறுபடுத்தும் அளவுகோலும் இதுவே.

உயரமும் அண்மையும்

மறுப்புக்கு வித்து எது? அது பெரும்பாலும் காட்சியில் பிறக்கிறது. கட்வாலியர் கடைவீதியில் மக்களை முகத்துக்கு முகம் கண்டனர். விமானியோ காண்பதில்லை. அவனுக்கு ஊர் என்பது கீழே தெரியும் கோடுகளும் புள்ளிகளுமே. 1919 ஏப்ரல் 14ஆம் நாள், ஜாலியன்வாலாபாக் படுகொலைக்கு மறுநாள், பஞ்சாபில் குஜ்ரன்வாலாவின்மேல் ஆங்கில வான்படை குண்டுவீசியும் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டும் தாக்கிற்று. 1966 மார்ச்சில் சுதந்திர இந்தியாவின் விமானங்களே ஐசால் நகரைத் தாக்கின. வீடுகள் எரிந்தன, மக்கள் காடுகளுக்கு ஓடினர். நம் சகோதரத் திருச்சபையாகிய பிரஸ்பிட்டேரியன் சபை வேரூன்றிய மண் அது. 1995 ஜூலை 9ஆம் நாள் யாழ்ப்பாணத்தின் நவாலியில், போருக்கு அஞ்சித் தூய பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்கள்மேல் இலங்கை வான்படை குண்டுவீசியதில் 100க்கு மேற்பட்டோர் மடிந்தனர். உயரத்திலிருந்து நோக்கினால் ஆலயமும் அரணும் ஒன்றாகவே தோன்றும் போலும்!

இவ்வுயரத்திலிருந்து இறங்கி வந்து கண்டவர் சிலர் உண்டு. ஈராக்கில் ஆங்கில வான்படையின் உயர் அதிகாரியாயிருந்த லயனல் சார்ல்ட்டன், 1923இல் திவானியா மருத்துவமனைக்குச் சென்றபோது, தம் படையின் குண்டுகளால் காயமுற்றுக் கிடந்த பெண்களையும் குழந்தைகளையும் கண்டார். அதன்பின் அப்பணியில் நிற்க அவரால் இயலவில்லை. 1924இல் பதவியைவிட்டு விலகினார். 1968 மார்ச் 16ஆம் நாள் வியட்நாமின் மை லாய் சிற்றூரில் அமெரிக்கக் காலாட்படையினர் ஊராரைக் கொன்றுகொண்டிருந்தபோது, ஹெலிகாப்டர் விமானி ஹ்யூ தாம்சன் தாழப் பறந்து வந்ததால் நடப்பதைக் கண்டார். ஊராருக்கும் தம் நாட்டு வீரருக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கிச் சிலரைக் காப்பாற்றினார். அவருக்குப் பதக்கம் கிடைத்தது 30 ஆண்டுகள் கழித்து, 1998இல்.

நல்ல சமாரியன் உவமையில் மூவரும் காயமுற்றவனைக் கண்டனர். ஆசாரியனும் லேவியனும் கண்டு விலகிப் போயினர். சமாரியனோ கண்டு, மனதுருகி, கிட்ட வந்தான் (லூக்கா 10:31-34). அன்புக்குக் காட்சி மட்டும் போதாது, கிட்ட வருதலும் வேண்டும். நம் மத்தியில் வாசம்பண்ணும்படி மாம்சமாகிய ஆண்டவர் செய்ததும் இதுவே. ஆகவே உயரத்தை மறுத்து அண்மையைத் தெரிந்துகொள்ளும் விமானி, தான் அறியாமலே, மனுவுருவாதலின் வழியில் ஓரடி வைக்கிறான் என்று சொல்லத் துணிவோம்.

தாயில்பட்டியில் இக்கேள்வி

வெடிமருந்தின் தன்மையைப் பாடநூலில் கற்க வேண்டாதவர் தாயில்பட்டி வட்டாரத்தார். வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த கலவையை அவர்கள் ‘மருந்து’ என்றே அழைக்கின்றனர். ஓர் உராய்வு போதும். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேரையும், 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்தில் 20க்கு மேற்பட்டோரையும் அம்மருந்து கொண்டுபோயிற்று. விமானி மேலிருந்து காணாததை இவ்வட்டாரத்துத் தாய்மார் மருத்துவமனைத் தீக்காயப் பிரிவில் கண்டிருக்கின்றனர். குண்டு விழுந்த ஊரின் துயரத்தை உலகில் எவரேனும் உள்ளபடி உணரக்கூடுமாயின், அவர்கள் இவர்களே.

கட்டளைக்கும் மனச்சாட்சிக்கும் இடையேயான கேள்வியும் இங்கு அயலானதன்று. ஓர் அறையில் இத்தனை பேரே இருக்கலாம், இவ்வளவு மருந்தே வைக்கலாம், அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி வேண்டும் என்பன விதிகள். ஓர் அறையின் தீ மற்றோர் அறையைத் தொடாதிருக்கவே அவை. தீபாவளி நெருங்கும்போதும், ஆலை உள்குத்தகைக்கு விடப்படும்போதும், அவ்விதிகள் தளர்கின்றன. கூடுதலான ஆள்களை அறையில் உட்கார வைக்கும்படி போர்மேனுக்குச் சொல்லப்படுகிறது. அவர் கையில் துப்பாக்கியில்லை. அவர் எவரையும் கொல்ல நினைக்கவுமில்லை. எனினும் அவருக்கு வந்ததும் ஒரு கட்டளையே. மறுத்தால் வேலை போகும். மறுநாள் வேறொரு போர்மேன் அவ்விடத்தில் நிற்பார். சவுலின் சேவகரின் இக்கட்டு இதுவன்றோ? போர்மேனுக்கு ஓர் அனுகூலம் உண்டு. அவர் உயரத்தில் இல்லை. அறையில் இருப்போர் யார் யாருடைய பிள்ளைகள் என்பது அவருக்குத் தெரியும்.

திருச்சபையின் கடமை

இவ்வளவும் கூறியபின், மறுத்துவிடு என்று பிரசங்க பீடத்திலிருந்து முழங்குதல் எளிது. கூலியை இழப்பவனும் சிறைக்குச் செல்பவனும் பிரசங்கியல்லன். ஆதலால் திருச்சபை மூன்று காரியங்களைக் கைக்கொள்ளக் கடவது.

முதலாவது, முன்கூட்டியே போதித்தல். கட்டளை வரும் நாழிகையில் சிந்திக்க நேரமிராது. யோவான் ஸ்நானன் தன்னிடம் வந்த போர்ச்சேவகரைச் சேவகத்தைவிட்டு விலகச் சொல்லவில்லை; எவருக்கும் இடுக்கண் செய்யாதிருக்கச் சொன்னான் (லூக்கா 3:14). படைக்கும் காவல்துறைக்கும் செல்லும் நம் இளைஞருக்கு வழியனுப்பு ஜெபத்தோடு இப்போதனையும் சேரட்டும். 2018 மே மாதத்தில் தூத்துக்குடியில் ஆலையை எதிர்த்துத் திரண்ட மக்கள்மேல் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டதை நாம் மறந்துவிடவில்லை. அத்தகைய இடத்தில் நம் பிள்ளைகள் எப்பக்கத்திலும் நிற்க நேரலாம்.

இரண்டாவது, மறுத்தவனைத் தாங்குதல். மெலித்தாத் தீவார் கரையேறியவர்களுக்கு நெருப்பு மூட்டினர். புபிலியு தன் வீட்டில் அவர்களை ஏற்றுக்கொண்டான் (அப்போஸ்தலர் 28:2,7). அவர்கள் இறையியல் கற்றவரல்லர். அதே தீவு 2011இல் இரு விமானிகளுக்குக் கதவு திறந்தது. வேலையை இழந்த போர்மேனுக்கு அடுத்த மாதச் சோற்றுக்கு வழிசெய்ய நம் சபை நிதியில் இடமுண்டா? இல்லையெனில் மறுப்பைப் போதிக்க நமக்கு உரிமையில்லை.

மூன்றாவது, கீழ்ப்படிந்தவனையும் கைவிடாதிருத்தல். தாயில்பட்டியாயினும் பெங்காசியாயினும், கட்டளைக்கு அஞ்சிச் செய்துவிட்டுப் பின் உறக்கமின்றித் தவிக்கிறவர் பலர். சார்ல்ட்டனும் முதலில் அப்படையின் அதிகாரிதான்; ஹெக்கும் பலமுறை குண்டுவீசியவர்தான். மனந்திரும்புதல் காலந்தாழ்ந்தும் வரும். அதற்கு ஆலயக் கதவு திறந்திருத்தல் வேண்டும்.

மால்ட்டாவுக்குப் பறந்த இருவரால் லிபியாவுக்கு அமைதி வந்துவிடவில்லை. அந்நாடு பின்னர் நீண்ட உள்நாட்டுப் போரில் சிக்கிற்று. ஒருவனின் மறுப்பு உலகை மீட்காது. மீட்பு வேறொருவருடைய வேலை. ஆனால் அவ்விரு விமானங்கள் சுமந்த படைக்கலங்கள் பெங்காசியின் எந்த வீட்டின்மேலும் விழவில்லை. அவ்வீடுகளில் இருந்தோர் எவரென்று அவ்விமானிகள் அறியார். தம்மைக் காத்தவர் எவரென்று அவ்வீட்டாரும் அறியார். அயலான் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பொருள் நமக்குத் தேவையில்லை.